பேச்சுக்குப் பொருள் தேடியவன்

முன்னொரு காலத்தில், மழை பெய்தால் அது மன்னனின் புண்ணியம் என்று மக்கள் நம்பிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், ஓர் ஐப்பசியில் பெய்த மழை யாருடைய புண்ணியம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய ஏரியின் கரை மதகடியில் உடைந்துபோனது. கரைக்குக் கீழே இருந்த கீழேந்தல் என்ற ஊர் விடிவதற்குள் சேறாகிவிட்டது. பனைமரத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களை வெள்ளம் வடிந்த பிறகு எடுத்தார்கள். சிலரை எடுக்கவே முடியவில்லை.

அந்த நாட்டு அரசவையில் ஆவுடையப்பன் என்றொரு விகடகவி இருந்தான். சொன்ன சொல்லைச் சொன்னபடியே செய்து, சொன்னவரை விழிக்க வைப்பது அவன் வித்தை. ஒருமுறை மன்னன் எரிச்சலில் "வாயை மூடு" என்றதற்கு, எழுந்து போய்த் தன் துண்டால் மன்னனின் வாயை மூடியவன். யார் வாயை என்று அரசர் சொல்லவில்லையே என்றான். மன்னன் வயிறு நோகச் சிரித்தான். தலைமை அமைச்சனான பிரதானி மல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. சபையில் தனக்கு மேலே ஒரு கோமாளி உட்கார்ந்திருப்பதாகவே அவனுக்கு எப்போதும் தோன்றும்.

ஆவுடையப்பனின் அக்காள் செண்பகம் கீழேந்தலில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளையும் அவள் குழந்தையையும் கரும்புக் கொல்லையில் கண்டெடுத்தார்கள். ஈமக்கடன் முடிந்த மறுநாளே அவன் சபைக்கு வந்தாக வேண்டியிருந்தது. விகடகவி அழுத முகத்தோடு அரண்மனைக்குள் வருவது அபசகுனம் என்று அங்கே ஒரு வழக்கம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். வழக்கம்போல ஏதோ சொன்னான். சிரித்தார்கள்.

அதன் பிறகு மன்னன் வீதியுலா போனபோது யாரும் வாழ்த்தவில்லை. யாரும் வையவும் இல்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். எல்லையிலிருந்து வேறு செய்தி வந்தது: கீழேந்தலில் பிழைத்தவர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வண்டி கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போகிறார்கள். மன்னனுக்கு இரவில் தூக்கம் போயிற்று. மழை நின்ற பிறகும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்றான்.

"என் குடிகளிடம் நானே பேசப் போகிறேன்" என்றான் ஒரு நாள் சபையில். "அவர்கள் போகாதபடி பேச வேண்டும்."

இதற்காகவே காத்திருந்தவன்போல மல்லப்பன் எழுந்தான். "அரசே, அப்படியொரு பேச்சை அமைக்க ஆவுடையப்பனைவிடத் தகுதியானவர் இல்லை. சபையோராகிய நாங்கள் ஆளுக்கொரு பொருளைத் தருகிறோம். அவர் அவற்றைக் கோத்துக் கொடுக்கட்டும்."

மன்னன் தலையசைத்தான். "ஆவுடையப்பா, வரும் பௌர்ணமியன்று கோட்டை மைதானத்தில் பேசுகிறேன். பேச்சுக்கு வேண்டிய பொருள்களைத் திரட்டி என் முன்னால் வரிசையாக வை. மிக முக்கியமான பொருள் முதலில் வரட்டும். முக்கியமில்லாதது கடைசிக்குப் போகட்டும். சபையோர் தருவதில் ஒன்றும் விடுபடக் கூடாது. வரிசை பிசகியது என்று எனக்குப் பட்டால், உன் தலை உன்னுடையதல்ல."

"சித்தம்" என்றான் ஆவுடையப்பன்.

அன்று மாலையே ஓலைகள் வந்து குவிந்தன. தளவாய் தன் வடதிசை வெற்றியைக் கொண்டுவந்து, இதுதான் முதலில் வர வேண்டும் என்றார். ஆஸ்தானப் புலவர் சூரியனில் தொடங்கும் அரச வம்சாவளியை ஒரு கட்டு ஓலையில் எழுதியிருந்தார். கடைசியாக மல்லப்பன் வந்தான். அவன் ஓலையில், கரை பலமாகவே இருந்தது, வானம்தான் வரம்பு மீறியது, மற்ற ஏரிகள் உடையாததற்குக் குடிகள் நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"இதை முதலில் வைப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்றான் மல்லப்பன். "கீழேந்தலில் உறவு உள்ளவர் எழுதினார் என்றால் மக்கள் நம்புவார்கள்."

"பந்தி ஒன்றுதான். எல்லோருமே முதல் இலையில் உட்கார வேண்டும் என்கிறீர்கள்" என்றான் ஆவுடையப்பன்.

"பரிமாறுகிறவர் பாடு அது."

மல்லப்பனின் கணக்கு எளிமையானது. எவருடையதை முதலில் வைத்தாலும் மற்றவர்கள் வரிசை பிசகிவிட்டது என்பார்கள். அவனுடையதையே வைத்தால், செத்த அக்காளைப் பற்றித் தம்பியே பொய் எழுதியதாகும். எப்படியும் ஆவுடையப்பன் அழிவான்.

ஓலைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான் ஆவுடையப்பன். ஒன்றை எடுத்து முன்னால் வைப்பான். பிறகு அதைத் தள்ளிவிட்டு இன்னொன்றை வைப்பான். எப்படி மாற்றினாலும் அந்த ஓலைகளில் கீழேந்தல் என்ற பெயரே இல்லை. மன்னன் சொன்ன சொற்களை மறுபடி மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தான். பொருள்களைத் திரட்டி, என் முன்னால், வரிசையாக. சட்டென்று எழுந்து வண்டியைப் பூட்டச் சொன்னான்.

கீழேந்தலில் அக்காள் புருஷன் பிச்சாண்டி இடிந்த சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய மூட்டையும் கட்டித் தயாராக இருந்தது.

"அரமனை ஆளு இங்க எதுக்கு வந்த?" என்று கேட்டான்.

"ராசா பேசப் போறாரு அத்தான். பேச்சுக்குப் பொருள் தேடி வந்திருக்கேன்."

"இங்க என்னா இருக்கு? சேறுதான் இருக்கு."

"சேத்துல கெடச்சதக் குடுங்க."

பிச்சாண்டி அவனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு எழுந்து வீடு வீடாகப் போனான். வீடு இல்லாத இடங்களிலும் போய் நின்று கேட்டான். ஒருத்தி உலக்கையைக் கொடுத்தாள். ஒரு கிழவர் மாட்டுச் சலங்கையைக் கொடுத்தார். ஒற்றைத் தண்டை ஒன்று வந்தது. பிச்சாண்டி தன் பங்குக்கு எதையோ கோணியில் சுற்றி வண்டியின் அடியில் வைத்தான். அது என்னவென்று ஆவுடையப்பன் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், கீழேந்தலில் கேள்விப்பட்ட ஒரு கல்லைத் தேடி, மன்னன் கட்டிக்கொண்டிருந்த வசந்த மண்டபத்தில் வண்டியை நிறுத்தினான். கல்தச்சர் ஒருவர், "இந்தக் கல்லு எதுக்குங்க?" என்றார். "அரசர் பேச்சுக்கு" என்றான். அரசர் பெயரைச் சொன்ன பிறகு யார் மறுப்பது? தூக்கி ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கல்லைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று அவனுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. ஆனால் அதை முதலில் வைத்தால் மன்னன் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்ப்பான், கூட்டம் கொதிக்கும், செத்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழாமல் போகும். இனி என்ன செய்வோம் என்ற வாக்குறுதியை முதலில் வைத்தால் அது வாயடைக்கக் கொடுக்கும் லஞ்சம்போல ஆகும். வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தான்.

பௌர்ணமியன்று மாலை மைதானம் நிறைந்திருந்தது. அவ்வளவு பேர் கூடியும் சத்தம் இல்லை. மேடையில் மன்னனுக்கு முன்னால் பட்டுத்துணி போர்த்திய மூன்று குவியல்கள் இருந்தன. சபையோர் தங்கள் ஓலைகளோடு மேடையின் கடைக்கோடியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள்.

"பேச்சு எங்கே?" என்றான் மன்னன் தணிந்த குரலில்.

"தங்கள் கட்டளைப்படி, பேச்சுக்கு வேண்டிய பொருள்களைத் திரட்டி வரிசையாக வைத்திருக்கிறேன், அரசே. முதல் பொருள் இது." ஆவுடையப்பன் துணியை எடுத்தான்.

உலக்கை, சலங்கை, தண்டை. நடுவில் சேறு காய்ந்து சக்கரம் இறுகிப்போன ஒரு நடைவண்டி. பிச்சாண்டி கோணியில் சுற்றி வைத்தது அதுதான். பொருள்களை வீட்டில் இறக்கியபோதே ஆவுடையப்பன் அதைப் பார்த்திருந்தான். ஆனாலும் இப்போது துணியை மடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மல்லப்பன் பாய்ந்து வந்தான். "அரசே, பேச்சின் பொருள் கேட்டால் இவன் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டுவந்து அரசவையை அவமதிக்கிறான்."

மன்னன் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து நடைவண்டியைத் தொட்டான். "இது யாருடையது?"

"என் அக்காள் மகனுடையது, அரசே. நடக்கப் பழகிக்கொண்டிருந்தான்."

கூட்டத்தில் ஒரு பெண் விசும்பினாள். பிறகு பலரும். மன்னன் நிமிர்ந்தான். பிறகு மக்களைப் பார்த்து, "இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். நான் கேட்கிறேன்" என்றான். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிச்சாண்டியும் இரண்டு பெயர்கள் சொன்னான். மன்னன் நின்றபடியே கேட்டான்.

அடுத்த துணி விலகியது. பெரிய கருங்கல். ஒரு பக்கம் மதகுப் பலகை இறங்குவதற்கு வெட்டிய காடி இருந்தது. மறுபக்கம் நடனப்பெண்ணின் பாதம் ஒன்று பாதி செதுக்கப்பட்டிருந்தது.

"மூடச் சொல்லுங்கள், அரசே" என்று மல்லப்பன் காதோரம் சொன்னான்.

"அது எங்க மதகுக் கல்லு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். உரத்த குரல்கூட இல்லை.

மன்னனின் முகம் வெளுத்தது. கை உடைவாளின் பிடிக்குப் போயிற்று. ஆவுடையப்பன் கழுத்தைக் குனித்துக்கொண்டு நின்றான். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு விலகியது.

"ஆம், உங்கள் மதகுக்கு வந்த கல்" என்றான் மன்னன். "மதகு இன்னும் தாங்கும் என்று பிரதானி சொன்னார். மண்டபத்துக்குக் கொண்டுபோ என்று நான் சொன்னேன். சொன்னது நான்."

மூன்றாவது துணியின் அடியில் ஒரு மண்வெட்டியும் கூடையும் மட்டும் இருந்தன. மன்னன் அதற்குள் புரிந்துகொண்டிருந்தான். "நாளைக் காலை மண்டபத்தைப் பிரிக்கிறோம். கல் அத்தனையும் கரைக்குப் போகும். பிரதானியும் கூடை சுமப்பார். நானும் வருகிறேன்."

யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. மெல்ல எழுந்தார்கள். சிலர் மேடைக்கு வந்து தங்கள் பொருளை எடுத்துக்கொண்டார்கள். போகும்போது ஒரு கிழவி மன்னனைப் பார்த்துக் கும்பிட்டாள், அவ்வளவுதான். ஆனால் எல்லைப் பக்கம் போகும் பாதையில் அன்று யாரும் வண்டியைத் திருப்பவில்லை.

மைதானம் காலியானதும் மன்னன் இறங்கப் போனான். ஆவுடையப்பன் கைகட்டி நின்றான்.

"அரசே, பேச்சு இன்னும் முடியவில்லை. முக்கியமில்லாதவை மீதி இருக்கின்றன. ஒன்றும் விடுபடக் கூடாது என்பது கட்டளை."

அவன் சைகை காட்ட, ஆஸ்தானப் புலவர் வேறு வழியில்லாமல் எழுந்து, சூரியனிலிருந்து வம்சாவளியைத் தொடங்கினார். கேட்க மூன்று நான்கு காக்கைகள் இருந்தன. இரண்டாவது பாட்டன் வருவதற்குள் அவையும் பறந்துபோயின. தளவாய் தன் ஓலையோடு தன் முறை வருவதற்காக நின்றுகொண்டிருந்தார்.

மன்னன் சிரித்தான். வெள்ளத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வரிசையில் குற்றமில்லை. என்ன பரிசு வேண்டும், கேள்."

"விடுப்பு வேண்டும், அரசே."

"எதற்கு?"

"அக்காளுக்கு அழ வேண்டும்."

"இன்னுமா அழவில்லை?"

"நான் விகடகவி அல்லவா, அரசே."

மன்னன் மேடையிலிருந்து இறங்கினான். தன் பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னான். ஆவுடையப்பன் கும்பிட்டு மறுத்துவிட்டு, நடைவண்டியை எடுத்துக்கொண்டு பிச்சாண்டியின் வண்டியில் ஏறினான். கோட்டை வாசலைத் தாண்டுவதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் சத்தமில்லாமல் அழுதான். பிறகு வாய்விட்டு, குழந்தையைப்போல அழுதான்.

"அழு" என்றான் பிச்சாண்டி. மாடுகளை அதட்டாமல், அவை நடக்கிறபடி நடக்க விட்டான்.