சண்டையே இல்லாத குளம்

சிரிக்காமல் கேளுங்கள், பிள்ளைகளே. ஒரு காட்டின் தெற்கு மூலையில் ஒரு குளம் இருந்தது. அங்கே வாழ்ந்த ஆமை, நண்டு, தவளை, கெண்டை மீன் நான்கும் சேர்ந்து ‘குளக்கரைக் கூட்டணி’ அமைத்திருந்தன. அதற்கு ஒரே விதி: ஒருவர் வீட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடக் கூடாது. தலைவர் ஆமைக்கு அந்த விதியின் மேல் அப்படியொரு பெருமை.

ஒருநாள் கெண்டை பதறிக்கொண்டு வந்தது. நண்டு தன் வளையைக் கரையின் மறுபக்கம் வரை தோண்டிவிட்டதாம். குளத்துத் தண்ணீரெல்லாம் அந்த வழியே பள்ளத்துக்கு ஓடுகிறதாம். இப்படியே போனால் தன் உயிர் தங்காது என்று அழுதது.

காற்றோட்டத்துக்காகத் தோண்டினேன் என்றது நண்டு.

ஆமைக்குச் சங்கடமாகிவிட்டது. “வளை நண்டாரின் வீடு. அதைப் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லையம்மா,” என்றது. மேலும், மலையடிவாரத்தில் எல்லாக் காடுகளின் பேரவை கூடுகிறது, உலகத்துத் தண்ணீரைக் காப்பது பற்றிப் பேசப் போகிறோம் என்று சொல்லி, நண்டையும் தவளையையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டது. கெண்டைக்கு நடக்கக் கால் ஏது? அது குளத்திலேயே கிடந்தது.

பேரவையில் ஒரே கூச்சல். புலியின் மேல் மான் புகார் சொன்னது. கரடியின் மேல் தேனீ புகார் சொன்னது. தலைவர் யானைக்குத் தலைவலியே வந்துவிட்டது. அப்போது ஆமை எழுந்து, எங்கள் குளத்தில் இருபது வருடமாகச் சண்டையே கிடையாது என்று தங்கள் விதியை எடுத்துச் சொன்னது.

அவ்வளவுதான், அந்த விதி உலகத்துக்கே பொதுவாகிவிட்டது. மான் தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்தது. புலி மட்டும் நெடுநேரம் கைதட்டியது. யானை தனக்கு வந்த மகிழ்ச்சியில், மூவருக்கும் மாலை போட்டு, முதுகில் ஏற்றிக் குளம்வரை கொண்டுவந்து விட்டது.

குளத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. யார் முழங்கால் என்கிறீர்களா? தவளையின் முழங்கால்.

அந்த வளையை ஒரு மிதி மிதித்து அடைத்துவிடுங்கள் ஐயா என்று ஆமை யானையைக் கெஞ்சியது. யானை காலைத் தூக்கியது, பிறகு மெல்லக் கீழே வைத்தது.

“மிதிக்கலாம்தான். ஆனால் அது நண்டாரின் வீடாயிற்றே. உங்கள் விதியைத்தானே இன்று காலை ஏற்றுக்கொண்டோம்?”

நண்டு மாலையைச் சரிசெய்தபடி ஆமாம் என்றது.

சேற்றில் துடித்த கெண்டை கேட்டது: “அப்படியானால் நான் சாவதும் என் வீட்டு விவகாரம்தானா?”

அதற்கு என்ன பதில் சொல்வது என்று முடிவு செய்ய ஆமை அவசரக் கூட்டம் கூட்டியது. கூட்டம் முடிவதற்குள் கெண்டை துடிப்பதை நிறுத்திவிட்டது.

நீதி: கூட்டாளியின் தவறைக் கண்டும் வாய் மூடியிருப்பது மரியாதை ஆகாது.