எட்டும் ஆறும்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எண்கள் பேசிக்கொண்ட கதை இது. எனக்கும் கணக்குக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஆகாது. அதனாலேயே பாதியில் நின்றவள் நான். ஓர் இலக்கம் தவறினாலும் இது வேறு யார் வீட்டுக் கதையாகவோ ஆகிவிடும். அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

ராசிபுரத்தில் திலகவதி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய கைப்பேசியில் ஓர் எண் பல வருஷமாகக் குடியிருந்தது. பால்காரர், கேஸ் கம்பெனி, ரேஷன் கடை, நாத்தனார் என்று எல்லோருக்கும் அந்த வாசல் பழக்கம். மகள் சுபாஷிணியின் ஜாதகத் தாளிலும் அந்த எண்தான் இருந்தது.

சுபாஷிணிக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. திலகவதியின் கணவர் குப்பண்ணன் எண் கணித ஜோதிடர் ஒருவரிடம் போனார். ஜோதிடர் அந்த எண்ணின் இலக்கங்களை எல்லாம் கூட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“எட்டு வருதே. எட்டுன்னா சனி. இந்த வழியா நல்ல சேதி எப்படிங்க வரும்? கூட்டினா ஆறு வர்ற மாதிரி வாங்குங்க. ஆறு சுக்கிரன். இன்னொன்னு. முதல் நல்ல சேதி தானா வரணும். அதுவரைக்கும் புது நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னா ராசி கலைஞ்சிரும்.”

குப்பண்ணன் ஆறு வருகிற எண்ணாகத் தேடி வாங்கிவந்தார். கைப்பேசியில் இரண்டு சிம் போட இடம் இருந்தது. ஆனாலும் எட்டின் நிழல் ஆறின் மேல் படக் கூடாது என்று பழைய சிம்மைக் கழற்றினார். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து, சாமி அலமாரியில் இருந்த குங்குமச் சிமிழுக்குள் வைத்துவிட்டார்.

“இத்தனை வருஷம் உழைச்சதுக்கு மரியாதையைப் பாரு” என்றது பழைய எண், இருட்டுக்குள்ளிருந்து.

புது எண்ணுக்குப் பெருமை பிடிபடவில்லை. வந்ததும் வராததுமாக ஊர்க் கோடியில் நின்ற செல்போன் கோபுரத்தைக் கூப்பிட்டது.

“கோபுரத்தண்ணே, நான் சுக்கிரன். நல்ல சேதி வந்தா உடனே அனுப்பி வைங்க.”

“உனக்குத்தானே? ஏற்கெனவே ஒண்ணு வந்து நிக்குது” என்றது கோபுரம்.

ஓடி வந்து கதவைத் திறந்தது புது எண். செய்தி உள்ளே வந்தது: ‘மாமா, நாட்டுக்கோழி நாலு உரிச்சு வைங்க. தலை வேண்டாம்.’

“இதென்னண்ணே?”

“போன பிறவியில நீ கோழிக்கடைக்காரர் நம்பர். அவர் கடையை மூடிட்டுப் போயிட்டார். வாடிக்கைக்காரங்களுக்கு அது எப்படித் தெரியும்?”

அன்றே இன்னொருவர் ஈரல் தனியாகக் கேட்டார். ஒருவர் போன தடவை கொடுத்தது கிழட்டுக் கோழி என்று திட்டினார். வெள்ளிக்கிழமை விரதக்காரியான திலகவதி ஒவ்வொன்றையும் படித்துவிட்டுக் கண்ணை மூடி முருகா என்றாள்.

இந்த நேரத்தில்தான் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து சுபாஷிணியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பையன் நல்ல பையன். சுபாஷிணி வாய் விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி மடித்தாள். திலகவதிக்கு அது போதும்.

பையனின் தாய் ருக்குமணி, கல்யாண விஷயத்தை எஸ்எம்எஸ்ஸில் மட்டும் பேசுகிறவர். வாட்ஸ்அப் என்பது காலை வணக்கத்துக்கும் ரோஜாப்பூவுக்கும் உள்ளது என்பது அவர் தீர்மானம்.

மூன்று நாளாகியும் பதில் இல்லை. பெண் வீட்டார் தாமாகக் கூப்பிட்டுக் கேட்டால் மதிப்பாக இருக்காது. புது எண்ணையும் சொல்லக் கூடாது. திலகவதிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“ஏனுங்க, பேர் போடாம அனுப்பினா நம்பரைச் சொன்னதா ஆகாதுங்களே?”

குப்பண்ணன் யோசித்தார். “ஆகாது” என்றார்.

புது எண்ணிலிருந்து செய்தி கிளம்பியது: ‘எங்களுக்குப் பூரண சம்மதம். உங்கள் பதிலுக்காக ஏங்கிக் காத்திருக்கிறோம்.’

பள்ளிபாளையத்தில் ருக்குமணி அதைப் படித்துவிட்டு விசிறியைக் கீழே போட்டார். “பாருங்க, எவனோ ஏங்கிக் காத்திருக்கானாம்! பூரண சம்மதமாம்! இந்த வயசுல எனக்கு இது தேவையா?” அந்த எண்ணை அங்கேயே தடுத்து வைத்தார். பிறகு மனம் ஆறி, ஜாதகத் தாளை எடுத்து, அதில் இருந்த எண்ணுக்குத் தன் முடிவை எழுதி அனுப்பினார்.

அந்தச் செய்திதான் கோபுரத்தின் வாசலில் வந்து நின்றது. பட்டுச் சேலை கட்டிய மாதிரி, பார்க்கவே மங்களகரமாக இருந்தது.

“திலகவதியம்மா வீட்டுக்குப் போகணும்” என்றது செய்தி.

“அந்தக் கதவு சாத்தியிருக்கே.”

“பக்கத்துக் கதவு திறந்திருக்குதே! அதுவும் அவங்க வீடுதானே? அது வழியா விடுங்க.”

“வீட்டைப் பார்த்து விடறது என் வேலை இல்லே, தாயி. எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்துத்தான் விடுவேன். நாளைக்குள்ள கதவு திறக்கலைன்னா உன்னை அழிச்சிரணும். அதுதான் எனக்கு உத்தரவு.”

செய்தி அழ ஆரம்பித்தது. “என்னை அழிச்சா ஒரு கல்யாணமே நின்னு போகும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் வரலைன்னா ஈரோட்டுப் பொண்ணைப் பார்க்கப் போறாங்க.”

புது எண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் தலை தொங்கிப்போனது. சுக்கிரனாக இருந்து என்ன, தன் கதவை ஒரு நல்ல சேதிக்குக்கூடத் தெரியவில்லையே!

அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. சிலிண்டர்காரர்.

“அக்கா, ஓடிபி கோடு சொல்லுங்க. உங்க நம்பருக்கு வந்திருக்கும்.”

திலகவதி கைப்பேசியைப் பார்த்தாள். கோழிதான் இருந்தது.

“வரலீங்களே!”

“கம்பெனியில எழுதிவச்சிருக்கிற நம்பருக்குத்தான் வந்திருக்கும்க்கா. கோடு இல்லாம இறக்க முடியாதுங்க. வேற வீடு இருக்குது, நான் வரட்டுங்களா?”

உள்ளே அடுப்பு அணைந்து பால் பாதி காய்ந்து நின்றது. “இருங்க, இருங்க!” என்று திலகவதி சாமி அலமாரிக்கு ஓடினாள்.

“எட்டை எடுக்காதே!” என்றார் குப்பண்ணன்.

“அப்ப நீங்க வந்து ஊதுங்க அடுப்பை!” என்றாள் திலகவதி.

முடிச்சை அவிழ்த்து சிம்மைக் காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் சொருகினாள். ‘சிம் இல்லை’ என்றது கைப்பேசி. சிம் முழுக்கக் குங்குமம். முந்தானையால் துடைத்துத் திரும்பப் போட்டாள்.

பழைய எண் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. முதலில் சிலிண்டர் கோடு மூச்சு வாங்க ஓடி வந்தது. “தள்ளுங்க, தள்ளுங்க, எனக்கு ஆயுசு கம்மி!” என்று உள்ளே பாய்ந்தது. அதன் பின்னால் பட்டுச் சேலைக்காரி வந்து வாசலில் நின்றாள்.

பழைய எண் கதவில் கை வைத்து மறித்தது. “நீ யாரு?”

“நல்ல சேதி.”

“தப்பான வாசலுக்கு வந்துட்டே. நான் எட்டு. என் வழியா நல்ல சேதி வராதாம். அதோ இருக்கா பாரு ராசிக்காரி, அவகிட்டே போ.”

செய்தி தயங்கி நின்றது. “சீக்கிரம், சீக்கிரம்” என்றது கோபுரம். புது எண் மெல்ல எழுந்து வந்தது.

“அக்கா, கோவிச்சுக்காம உள்ளே விடுங்க. நான் வந்ததிலிருந்து இந்த வீட்டுக்கு என் வழியா வந்ததெல்லாம் கோழிதான்.”

பழைய எண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை தளர்ந்தது. செய்தி உள்ளே நுழைந்தது.

சிலிண்டர் இறங்கிக்கொண்டிருந்தபோதே திலகவதி உரக்கப் படித்தாள்: ‘பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பேச்சும் இல்லையே, விருப்பம் இல்லையா? இன்று சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்.’ சுபாஷிணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பதில் எழுதி முடித்ததும் எந்த எண்ணிலிருந்து அனுப்ப என்று கைப்பேசி கேட்டது.

“ஆறுல போடு! சுக்கிரன்!” என்றார் குப்பண்ணன்.

“சும்மா இருங்க. அவங்க எந்த வாசல்ல வந்து கூப்பிட்டாங்களோ, அந்த வாசல்ல நின்னுதானே வாங்கன்னு சொல்லணும்?” என்று சொல்லிப் பழைய எண்ணைத் தொட்டாள். கடைசி வரியில் ‘இப்படிக்கு, சுபாஷிணியின் அம்மா திலகவதி’ என்றும் சேர்த்தாள்.

உடனே பதில் வந்தது: ‘ரொம்ப சந்தோஷம். வரும் புதன் உறுதி பேச வருகிறோம். ஒன்று சொல்ல வேண்டும். ஏதோ ஒரு எண்ணிலிருந்து ஏங்கிக் காத்திருப்பதாகத் தொந்தரவு. தடுத்துவிட்டேன். நீங்களும் எச்சரிக்கையாக இருங்கள்.’

திலகவதி கணவரைப் பார்த்தாள். குப்பண்ணன் மோட்டுவளையைப் பார்த்தார்.

இப்போது இரண்டு எண்களும் ஒரே கைப்பேசியில் இருக்கின்றன. எட்டையும் ஆறையும் கூட்டினால் பதினான்கு, அதைக் கூட்டினால் ஐந்து, ஐந்து என்றால் புதன், புதன்கிழமைதான் உறுதி என்று குப்பண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இந்தக் கதையைக் கேட்ட அன்று எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என் எண்ணைக் கூட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தைரியம் எனக்கு ஏது? பாதுகாப்புக்கு ஒன்று மட்டும் செய்தேன். என்னைத் தெரிந்த எல்லோருக்கும் பெயர் போட்டு ஒரு செய்தி அனுப்பிவைத்தேன்: ‘நான் நீலாவதி. என் எண் மாறவில்லை.’