ஓட்டைதார்

கோணக்கண்மாய் ஜனங்கள் ஒரு சொல் கிடைத்தால் அப்படியே விழுங்கிவிடுவார்கள். மென்று பார்க்கிற வழக்கம் கிடையாது.

அந்த வருஷம், கொம்பையாவின் பயிர் பால் பிடிக்கிற நேரத்தில், கண்மாய்க்கரையில் ஓட்டை விழுந்தது. எலி நுழையும் அளவுதான். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல்; பாயாவிட்டால் வைக்கோல். ஊரைத் திரட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார் கொம்பையா.

அந்த வழியே குதிரையில் வந்தார் தாசில்தாரிடம் கணக்கெழுதும் முன்ஷி, வடக்கத்தி மனுஷர். மண்வெட்டியோடு நின்ற செவத்தானுக்கு ரொம்ப நாள் சந்தேகம் ஒன்று.

"ஐயா, ஜமீன்தார், சுபேதார், தாசில்தார்ங்கிறாகளே, தாருன்னா என்னங்க?"

"எங்க பாஷையில 'வச்சிருக்கிறவர்'னு அர்த்தம். ஜமீன் வச்சிருக்கிறவர் ஜமீன்தார்" என்று சொல்லிவிட்டு முன்ஷி போய்விட்டார்.

செவத்தான் தன் கையைப் பார்த்தான். "அப்ப நான் மண்வெட்டிதார்!"

"நான் கூடைதார்" என்றான் பக்கத்தில் மண் சுமக்க நின்ற வெள்ளைக்கண்ணு.

இருவரும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

"அடேய், ஓட்டையை அடைங்கடா!" என்று கத்தினார் கொம்பையா.

"என்னண்ணே பேசுறீக? எந்தத் தாராவது மண்ணு சுமந்து பாத்திருக்கீகளா? அவுக பாஷையில எப்படியோ, நம்ம ஊர்ல தாருன்னா உக்காந்திருக்கிறவுக" என்றான் செவத்தான்.

கொம்பையாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நெல்தார் என்ற முறையில் அவரும் உட்கார்ந்தார். ஆனாலும் கரையை எட்டிப் பார்த்தார். ஓட்டையில் இப்போது நாய் நுழையலாம்.

"ஒண்ணுமே வச்சிருக்காத ஆளு ஒருத்தன் வேணும்" என்றார்.

தேடி மாடசாமியை இழுத்து வந்தார்கள். காடு இல்லை, கழனி இல்லை, கோவணம்கூட இரவல். மண்வெட்டியைத் தொடப் போனவன் லொக்கு லொக்கென்று இருமினான்.

"இருமல்தார்!" என்றது ஊர். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

ஓட்டை எருமை நுழையும் அளவானபோது கொம்பையா துள்ளி எழுந்தார்.

"தார்னு பட்டம் குடுத்தா வேலை நின்னு போகுதுல்ல? இங்க இப்ப வேலை செய்யிறது யாரு? அந்த ஓட்டை ஒண்ணுதானடா!"

ஊரே வாயைப் பிளந்தது. பூமாலை வந்தது, குடை வந்தது. கொம்பையா கைகூப்பினார்: "இன்னையிலருந்து ஐயா ஓட்டைதார். காலையிலருந்து ஓடிக் களைச்சிருப்பீக, உக்காருங்க."

பொழுது சாயத் தண்ணீர் நின்றது. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. கண்மாய்க்குள்ளே சேற்றில் கெண்டை துள்ளியது.

"சொன்னபடி நின்னாரு பாத்தியா!" கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுகணமே முகம் வாடியது. "இம்புட்டு நல்ல அதிகாரிய வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னா? அவரு போயிட்டா இந்த இடத்துல வெறும் கரைதானடா இருக்கும்!"

அன்றைக்கே, ஓட்டைதாரை மாற்றக் கூடாதென்று தாசில்தாருக்கு மனு எழுதி, ஊரே கைநாட்டு வைத்தது.