உம் கொட்ட ஓர் ஆள்

கதைக்காரி வடிவிடம் கதை கேட்க வந்தவர்கள் பலர். சொல்லக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் சிலர். அவர்களில் பயந்துகொண்டே வந்தவள் அன்னத்தாய் ஒருத்திதான்.

வடிவு அவளைவிட வயதில் சின்னவள். பகலெல்லாம் தையல் மிஷின் மிதிப்பாள். கதை சொல்வதை விட்டுவிட்ட கதைக்காரர்களின் வீடுகளைத் தேடிப் போய் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு, அவர்களையும் மறுபடி சொல்ல வைத்தவள். அதனால் அன்னத்தாய் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கதைக்காரர்களுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது. கமிட்டித் தலைவர் முன்னாடியே சொல்லிவிட்டார்.

"கூட்டம் உட்கார்ந்தா சரி. எந்திரிச்சுப் போச்சுன்னா அடுத்த வருஷம் பாட்டுக் கச்சேரிதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"பசுக் கதை சொல்லுவோம். அன்னம் சொல்லட்டும்" என்றாள் வடிவு.

அன்னத்தாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் வந்து சொல்லிப் பார்த்தாள். வடிவு சட்டைக்குப் பட்டன் தைத்தபடி கேட்பாள். கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும், அதுதான் வழக்கம். உம் வந்தால்தான் சொல்கிறவருக்கு அடுத்த வார்த்தை வரும். ஆனால் வடிவு ஒரு நாளும் அன்னத்தாய்க்கு உம் கொட்டியதில்லை.

"அக்கா, ஒரு உம் சொன்னா என்ன?"

"வந்தா சொல்ல மாட்டேனா?"

"ஒரு வார்த்தை விடாமத்தானே சொல்றேன். நீங்க சொன்ன மாதிரியே."

"ஆமா. நான் சொன்ன மாதிரியேதான் சொல்ற."

வடிவு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மேடையில மறந்து போச்சுன்னா?"

"நான் கூட்டத்துல உட்கார்ந்திருப்பேன்."

"அப்போ எடுத்துக் குடுப்பீங்க."

"உட்கார்ந்திருப்பேன்னு சொன்னேன்."

அன்னத்தாய் பயத்தோடு வீட்டுக்குப் போனாள். கணவன் இருளப்பன் மூட்டை தூக்கிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, கொடையன்னைக்கு நீங்க முன்னால உட்காரணும். நான் நிறுத்துற இடத்துல எல்லாம் உம் சொல்லணும்."

"அவ்வளவுதானே? கல்யாணம் ஆனதுல இருந்து அதைத்தானே செய்றேன்."

கொடை வந்தது. அன்னத்தாய் மேடையில் ஏறினாள். மைக்கில் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது. கண்ணை ஒரு பக்கமும் திருப்பாமல் ஆரம்பித்தாள்.

மேயப் போன பசுவின் மணிச் சத்தம் வீடு வரை கேட்டது. வீட்டுக்காரி அதைக் கேட்டுக்கொண்டே நெல் குத்தினாள். மணி கேட்குது, அப்போ பசு பக்கத்துலதான் நிக்குது என்று இருந்துவிட்டாள். பொழுது சாய்ந்தும் மணி கேட்டது, பசு வரவில்லை. தேடிப் போனாள்.

அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் இருளப்பன் உம் கொட்டினான்.

"போய்ப் பார்த்தா, கருவேலங்கிளையில மணி மட்டும் மாட்டிக்கிட்டுத் தொங்குது. காத்துல ஆடி ஆடிச் சத்தம் குடுக்குது. பசு..."

அதற்கு மேல் வரவில்லை. சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"உம்" என்றான் இருளப்பன்.

அவள் வாய் திறந்து மூடியது.

"உம்" என்றான் இன்னும் பலமாக. "உம். உம்."

யாரோ சிரித்தார்கள். மைக்கை அணைக்கச் சொல்லிக் கமிட்டித் தலைவர் மைக் செட்டுக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"யோவ் இருளப்பா" என்று ஒரு குரல் எழுந்தது. கருவாடு விற்கும் பேச்சிமுத்து அம்மாள். "அவ ஒண்ணுமே சொல்லலையே, எதுக்குய்யா உம்முங்கிற?"

"நிறுத்தினா உம் சொல்லச் சொன்னா. இப்ப நிறுத்திட்டா. சொன்னேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்னத்தாய்க்கு மேடையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"நீ வாயை மூடு" என்றாள் பேச்சிமுத்து அம்மாள். "ஏத்தா, பசு எங்க போச்சு? அதைச் சொல்லு."

சிரிப்பு அடங்கியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்னத்தாய் வடிவைத் தேடினாள். பெண்கள் நடுவில் அவள் இருந்தாள். எல்லாரையும் போல அவளும் அன்னத்தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை.

வடிவு சொல்லும் கதையில் பசு போன இடம் ஒன்று உண்டு. அந்த இடம் இப்போது அன்னத்தாய்க்கு வரவில்லை. வேறொன்று வந்தது.

"அதோட கன்னுக்குட்டியைச் சந்தையில வித்துட்டாங்க" என்றாள். அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"உம்" என்றாள் பேச்சிமுத்து அம்மாள், மெதுவாக.

"வாங்கினவன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கன்னு. இந்தப் பக்கம் பசு. மடி கனத்துப் போய்ப் பால் தானா ஒழுகுது. மண்ணு குடிக்குது."

"உம்" என்று அங்கே ஒன்று, இங்கே ஒன்று. பிறகு பந்தல் முழுக்க. இருளப்பனிடமிருந்து மட்டும் உம் வரவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கமிட்டித் தலைவர் தூக்கின கையை எப்போது இறக்கினார் என்று அவருக்கே தெரியாது.

"அங்கேயே நிக்குது" என்றாள் அன்னத்தாய். அதற்கு மேல் முடியாமல் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

"கன்னை விட்டானா இல்லையா?" என்று கூட்டம் கத்தியது. பேச்சிமுத்து அம்மாள் கமிட்டித் தலைவர் பக்கம் திரும்பினாள். "அடுத்த வருஷமும் இவதான் வரணும், சொல்லிட்டேன். பாதியில விட்டுட்டுப் போறா பாரு."

அன்னத்தாய் நேராக வடிவிடம் போனாள்.

"அக்கா, கதையைக் கெடுத்துட்டேன். புத்துக்குப் பால் சொரிஞ்சதுதானே கதை? புத்து ஞாபகமே வரல. சாமியையே விட்டுட்டேன். இது நீங்க குடுத்த கதையே இல்ல."

வடிவு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்திருக்கலாம்ல? பசு எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்னுதான் நானும் நெனச்சுட்டு இருந்தேன், நீ சொல்ற வரைக்கும்."

வடிவு பாயில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"அந்தக் கன்னு, அம்மா சத்தத்தைக் கேட்டுச்சா?" என்றாள்.

அன்னத்தாய் அவளையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"கேட்டுச்சு அக்கா. கேட்டதும்..."

"உம்" என்றாள் வடிவு.