டீசல் ஊத்துன நாள்

எங்க மலையில டவர் வச்சா நஷ்டம்னு எந்த போன் கம்பெனியும் ஏறி வரல. அரசாங்கம் மானியம் தர்றேன்னுச்சு, உடனே ஒருத்தன் வந்தான். டவர் வந்துச்சு, மானியம் தவணை தவணையா அவனுக்குப் போச்சு, சிக்னல் மட்டும் வரல. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துனாதானே வரும்?

போன மாசம் வெள்ளச்சி அத்தையோட மருமவளுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸுக்கு போன் போகல. தூளி கட்டித் தூக்கிட்டுப் போற வழியிலேயே செத்துட்டா. ஊர்லேர்ந்து சென்னைக்குப் புகார் எழுதிப் போட்டோம்.

கடைசித் தவணை மானியத்துக்காக நேத்து கம்பெனி மேனேஜர் கிருபாகரன் ஜீப்புல வந்தாரு. டேங்க் நிறைய டீசல் ஊத்துனாரு. செத்தவ வீட்டு ஆளே சொன்னா புகார் அடங்கிடும்னு அத்தையக் கூப்பிட்டாரு.

"மானியம் தர்ற சென்னை அதிகாரி வீடியோவுல வருவாரு. போன் நல்லா எடுக்குதுன்னு சொல்லணும். மாத்திச் சொன்னா, ஜெனரேட்டர் பாத்துக்கிற உன் மவனுக்கு வேலை இருக்காது."

"சொல்றேனுங்க சார்."

அதிகாரி வீடியோவுல வந்தாரு. அத்தை போனைக் கையில வாங்கிக்கிச்சு.

"போன் ரொம்ப நல்லா எடுக்குதுங்க ஐயா. ஒரே கோரிக்கை, இந்த சாரை எங்க ஊர்லயே குடி வைங்க. இவரு வந்தாத்தான் டீசல் வருது, அப்பத்தான் போனும் வருது. என் மருமவளுக்கு வலி வந்த அன்னைக்கு இவரு வரலீங்க."

"என்னம்மா? முழுசா சொல்லுங்க."

மேனேஜர் மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஜெனரேட்டரை அணைடான்னு அத்தை மவன் சடையனுக்குக் கை காட்டுனாரு. பொண்டாட்டியப் பொதச்சவன் கையக் கட்டிக்கிட்டு நின்னான். ஜெனரேட்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அத்தை சொல்லிக்கிட்டே இருந்துச்சு.