பாதி வழி வரை கார்

அலுவலகத்துக்கு எல்லோரும் பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டவர், எரிபொருள் சிக்கனக் குழுத் தலைவர் திருவேங்கடம். அவர் மட்டும் காரில் வருவார். அவர் போகும் கூட்டம் முடியும்வரை வாசலில் காரின் ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவருடைய காரின் பெட்ரோல் செலவு பற்றி மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் டிரைவர் சூசையப்பனைக் கூப்பிட்டார்.

"நாளையிலிருந்து பாதிப் பெட்ரோல்தான் செலவாகணும். இல்லைன்னா வேற வேலை பாத்துக்கோ. எப்படின்னு என்னைக் கேக்காதே."

மூன்று பெண்களுக்குத் தகப்பனான சூசையப்பன், "சரிங்கய்யா" என்றார்.

மறுநாள் காலை வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"ஏன்யா நிறுத்திட்டே?"

"பாதி தூரம் வந்தாச்சுங்கய்யா. இதுக்கு மேல போனா பெட்ரோல் கணக்கு மீறிடும். அதோ பஸ் வருது."

நிறுத்தத்தில் அவருடைய ஊழியர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். டைப்பிஸ்ட் மரகதம் கும்பிட்டாள். "ஐயாவும் பஸ்ஸிலயா? உத்தரவு போட்டவங்களே வர்றது ரொம்ப சந்தோஷம்" என்று முன்னால் ஏற வழிவிட்டாள்.

திருவேங்கடம் ஏறினார். இடம் கிடைக்காமல், கம்பியைப் பிடித்தபடியே அலுவலகம் போய்ச் சேர்ந்தார்.

மாலையில் அதே நிறுத்தத்தில் கார் காத்திருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்தவர் கம்பி பிடித்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்கும் இங்கேதானா?" என்றார்.

"உத்தரவு மாறுற வரைக்கும் இங்கேதாங்கய்யா."