மிஞ்சிய ஜாங்கிரி

அன்று காலை எங்கள் ஊர் எஃப்.எம். நிலையத்தில் இருந்தவர்கள் மேலாளர் ஜெரால்டு, அறிவிப்பாளர் முத்துக்கனி, பெருக்க வந்த சுடலி, விளம்பரம் கொடுக்கும் மிட்டாய்க்கடை முதலாளி சங்கரபாண்டி. ஆக நான்கு பேர்.

"ஒரு மாசமா விளம்பரம் ஓடுது, கடைக்கு ஈ காக்கா வரலை. இந்தப் பிள்ளை வாசிக்கிறதை எவன் கேக்கான்? இவளை நிறுத்தும், இல்லைன்னா விளம்பரத்தை நான் நிறுத்துதேன்" என்றார் முதலாளி.

மேலாளர் தலையைச் சொறிந்தார். முத்துக்கனியின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"ஒருத்தர்கூடவா கேக்கலை, அண்ணாச்சி?" என்று கேட்டாள் முத்துக்கனி.

"ஒரு குருவிகூடக் கேக்கலை."

"அப்போ நீங்களே மைக்குல சொல்லுங்க, இப்ப கடைக்கு வாறவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஜாங்கிரி இலவசம்னு. கேக்க ஆளே இல்லைன்னா உங்களுக்கு என்ன நட்டம்?"

முதலாளி சிரித்துக்கொண்டே மைக்கில் சொன்னார்.

கால் மணி நேரத்தில் கடையிலிருந்து போன் வந்தது. "முதலாளி, வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்கி! உங்க குரலைக் கேட்டுத்தான் வந்தோம்னு சொல்லுதாங்க!"

முதலாளி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் சுடலி மறுபடி பெருக்க வந்த நேரம், ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தார். "நாளையிலிருந்து விளம்பரத்தை ரெண்டு தடவை வாசி, தாயி" என்று சொல்லி அதை மேசைமேல் வைத்தார். அவர் எடுத்துக்கொள்ளவில்லை, மற்றவர்களுக்குச் சரியாக இருந்தது. காலையில் போட்ட முந்நூறு ஜாங்கிரியில் மிஞ்சியது மூன்று.